தொழுவத்துச் சுவரில் குயில்

முதல் நாள், வியாழன் இரவு

மதுரையில் காலை ஏழு மணி பஸ். பரமக்குடி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் கருவை, கருவை, கருவைதான். இடையிடையே கரிமூட்டப் புகை. இராமநாதபுரத்தில் இறங்கினால் தம்பி (சித்தப்பா மகன்) பைக்கோடு நிற்கிறான். "அக்கா, இந்தத் தடவையும் பூச்சிதானா?" என்றான். பூச்சிதான்.

அப்பத்தா வீடு பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. வீட்டிலிருந்து கடல் தெரியாது. ஆனால் பூட்டுகளைப் பார்த்தாலே பக்கத்தில் கடல் இருப்பது தெரிந்துவிடும், ஒன்று விடாமல் துருப்பிடித்திருக்கும். தை மாதக் கடைசி. மழை நன்றாகப் பெய்ததால் காடெல்லாம் தும்பையும் கொழிஞ்சியும் பூத்துக் கிடக்கின்றன. நான் லீவு போட்டு வந்ததே இந்தப் பூவுக்காகத்தான். சரியாகச் சொன்னால், பூவுக்கு வருகிற தேனீக்கும், அந்தத் தேனீயை ஏமாற்ற வருகிற இன்னொரு தேனீக்கும்.

விஷயம் இதுதான். தேனீ என்றதும் நமக்குத் தேன்கூடு, ராணி, பெருங்கூட்டம் என்று வரிசையாக நினைவுக்கு வரும். உலகத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தனிக்கட்டைகள். ஒரு பெட்டைத் தேனீ தானே மண்ணில் வளை தோண்டி, அதற்குள் சின்னச் சின்ன அறைகள் கட்டும். ஒவ்வோர் அறையிலும் மகரந்தத்தையும் மதுவையும் பிசைந்து வைத்து, ஒரு முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டி வைத்துவிட்டுப் போகிற மாதிரி. அந்தக் கட்டுச்சோற்றைக் குறிவைத்து வாழ்கிற தேனீக்களும் இருக்கின்றன. அவை கூடு கட்டுவதில்லை, மகரந்தம் சேர்ப்பதில்லை. அடுத்தவள் வீட்டில் முட்டையிட்டுவிட்டு வந்துவிடும். குயில் தேனீ என்று பெயர். உலகத் தேனீ இனங்களில் பத்தில் ஒன்றுக்கும் மேல் இந்த ரகம்தான்.

அப்பத்தாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "குயிலு காக்கா கூட்ல முட்ட போடுறதில்லையா, அதேதான ஆத்தா" என்று வெற்றிலையை மடித்தார்.

சாயங்காலம் கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம் சுற்றினேன். கொழிஞ்சிப் பூவில் சாம்பல் நிறத் தேனீ ஒன்று. பின்னங்காலைப் பார்த்தேன், மகரந்தப் பொடி துளிகூட இல்லை. குயில் தேனீக்கு மகரந்தம் சுமக்கும் முடிக்கற்றை கிடையாது என்பது எல்லோரும் சொல்கிற முதல் அடையாளம். அவ்வளவுதான், "கிடைச்சிருச்சுடா!" என்று தம்பியைக் கூப்பிட்டு ஒரே ஆர்ப்பாட்டம்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் மானம் போகிறது. நான்காவது படத்தில் பூச்சி லேசாகப் புரண்டிருக்கிறது, வயிற்றின் அடிப்பக்கம் முழுக்க மஞ்சள் பூசிய மாதிரி மகரந்தம். இலைவெட்டித் தேனீ! அது மகரந்தத்தைக் காலில் சுமக்காது. வயிற்றுக்கு அடியில் பிரஷ் மாதிரி இருக்கிற முடியில்தான் சுமக்கும். காலை மட்டும் பார்த்துவிட்டு உழைப்பாளி ஒருத்தியைத் திருடி என்று சொல்லிவிட்டேன்.

சித்தப்பா சாப்பிடும்போது ஒரு செய்தி சொன்னார். திங்கள்கிழமை கொத்தனார் வருகிறாராம், பழைய மாட்டுத் தொழுவத்தின் மண்சுவரைச் சிமெண்ட் வைத்துப் பூசப்போகிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் அந்தச் சுவரின் கிழக்குப் பக்கத்தில்தான் பென்சில் நுழைகிற அளவு ஓட்டைகளைப் பார்த்து வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலை எட்டரைக்குச் சுவருக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். சுவரின் மற்ற இடமெல்லாம் அப்பத்தா வறட்டி தட்டியிருக்கிறார், ஐந்து விரல் அச்சோடு. ஓட்டை இருக்கிற அந்த ஒரு முழ அகலம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அங்கிட்டு தட்டுனா அதுக எப்படி வெளிய வரும்?" என்றார். நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதை இவர் சாணிக்கையோடு தெரிந்து வைத்திருக்கிறார்.

வெயில் சுவரில் விழுந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஓர் ஓட்டையிலிருந்து முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. அப்புறம் "ஙீஈஈ" என்று தையல் மெஷின் போலச் சத்தம் போட்டுப் பாய்ந்தது. நீலப்பட்டைத் தேனீ. அறிவியல் பெயரில் அமெகில்லா. ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளம், நெஞ்சில் பழுப்பு முடி, கறுத்த வயிற்றில் குறுக்குக் குறுக்காகப் பளபளக்கிற நீலப் பட்டைகள். ஓரிடத்தில் நிற்காது. பூவுக்குப் போகும்போதே நாக்கை நீட்டிக்கொண்டுதான் போகும், அவ்வளவு அவசரம். கத்தரிப் பூவில் உட்கார்ந்தால் பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கும். கத்தரியின் மகரந்தப்பை நுனியில் சின்னத் துளைதான் இருக்கும், அந்த அதிர்ச்சியில் பொடி உப்பு டப்பாவைக் குலுக்கின மாதிரிக் கொட்டும். வீட்டுத் தேனீக்கு இந்த வித்தை வராது. ஆவாரம்பூவிலும் இதே கதைதான்.

ஒன்பதரைக்குள் ஏழு ஓட்டைகளில் போக்குவரத்து. திரும்பி வருகிறவளின் பின்னங்காலில் இரண்டு பக்கமும் மகரந்தம் பொதியாக ஒட்டியிருக்கும், சந்தையிலிருந்து இரண்டு பையோடு வருகிற மாதிரி.

ஒன்பதே முக்காலுக்கு வேறு ஒன்று வந்தது.

முதலில் கண்ணில் பட்டது பறக்கும் விதம்தான். அமெகில்லா அம்பு மாதிரி வரும். இது அப்படி இல்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சத்தமே இல்லாமல், வீடு வாடகைக்குப் பார்க்க வந்தவள் மாதிரி ஒவ்வோர் ஓட்டைக்கு முன்னாலும் நின்று நின்று போனது. பூ பக்கமே திரும்பவில்லை. அப்புறம் சுவரை விட்டு விலகி, வறட்டி ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் நிறம் சரியாகத் தெரிந்தது. மசி போலக் கறுப்பு. அதன்மேல் பட்டைக்குப் பதிலாகப் புள்ளி புள்ளியாக வெளிர்நீலம், நெஞ்சிலும் கால்களிலும் வயிற்றின் இரண்டு ஓரங்களிலும். கறுப்புத்துணியில் யாரோ நீலச் சாயத்தைத் தெளித்துவிட்டாற்போல.

தைரியஸ்! அமெகில்லாவைக் குறிவைக்கும் குயில் தேனீ. பெயரிலேயே தைரியம் இருக்கிறது என்று தம்பி சிரித்தான். உண்மையில் அது கிரேக்கச் சொல், கேடயம் என்று அர்த்தம். அந்தக் கேடயத்தைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். நெஞ்சின் பின்பகுதியில், வயிறு தொடங்குவதற்குச் சற்று முன்னால், தட்டையான தகடு ஒன்று ஓட்டுக்கூரை இறவாரம் போலப் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பின்விளிம்பு நேர்கோடாக இல்லாமல் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். அந்த வெட்டின் அடியிலிருந்து வெள்ளை முடிக் கற்றை எட்டிப் பார்க்கும். மேக்ரோ லென்ஸில் பதினெட்டுப் படம் எடுத்ததில் ஒன்றில் அது தெளிவாக விழுந்திருக்கிறது. உடம்பின் ஓடும் சாதாரணத் தேனீயைவிடத் தடிமன். பிடிபட்டால் கொட்டு வாங்கவேண்டிய வீட்டுக்குள் நுழைகிறவளுக்குக் கவசம் வேண்டாமா.

பத்து பத்துக்கு மூன்றாவது ஓட்டைக்காரி வெளியே பாய்ந்தாள். குயில்காரி கால் நிமிஷம் பொறுத்தாள். பிறகு நேராக அதே ஓட்டைக்குப் போய், விளிம்பில் உணர்கொம்பால் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி கழித்துத் தலை வெளியே வந்தது. வந்தவள் அவசரப்படவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் வீட்டுக்காரி மகரந்தத்தோடு வந்து நேருக்கு நேர் நின்றுவிட்டாள். சண்டை வரும் என்று நினைத்தேன். இவள் சுவரை விட்டு நழுவிப் போய்விட்டாள். அவள் உள்ளே போனாள், உடனே வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள், அப்புறம் வழக்கம்போல வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதைச் சுவரை உடைக்காமல் பார்க்க முடியாது. பொதுவாக நடப்பது என்னவென்றால், குயில் தேனீயின் புழுவுக்கு முதல் பருவத்தில் அரிவாள் போல வளைந்த தாடை இருக்கும். வீட்டுக்காரியின் முட்டையையோ புழுவையோ அது அந்தத் தாடையால் தீர்த்துக்கட்டிவிடும். தோலுரித்த பிறகு அந்தத் தாடை தேவைப்படாது. சாதுவான புழுவாக உட்கார்ந்து அந்த மகரந்தக் கட்டுச்சோற்றைச் சாப்பிடும். காக்கைக் கூட்டில் பொரிக்கிற நம் ஊர்க் குயில் குஞ்சு பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும், கொலை வரைக்கும் போகாது. அந்த வகையில் பறவை எவ்வளவோ தேவலை.

மத்தியானம் சித்தப்பாவைப் பிடித்து உட்காரவைத்துப் படத்தைக் காட்டினேன். "கிழக்குச் செவத்த மட்டும் விட்ருங்க சித்தப்பா." அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நல்லாப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. அதுக்காக வண்டுக்கா நான் செவரு வச்சிருக்கேன்?" என்று எழுந்து போய்விட்டார்.

மூன்றாம் நாள், சனி

தீவுக்குப் போனோம், பைக்கில்தான். பாம்பனில் எல்லாரும் நிறுத்திப் படமெடுக்கிற இடத்தில் நாங்களும் நின்றோம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலமும், அதன் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும். காற்று பைக்கையே தள்ளுகிறது. இந்தக் காற்றில் தேனீ எப்படிப் பறக்கும் என்ற கவலைதான் எனக்கு.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சுவர்களைப் பார்க்கக் கூட்டம். நான் அந்தப் பக்கம் அதிக நேரம் நிற்கவில்லை. ராவணன் மீசைப் புல் உருண்டை உருண்டையாக ஓடுகிற மணல்மேட்டுக்கு ஒதுங்கினேன். நெய்தல் பாட்டுகளில் வருகிற அடும்பு இன்னும் அங்கே படர்ந்துகொண்டுதான் இருக்கிறது. காலையில் ஊதாப்பூ விரித்து, வெயில் ஏறினதும் வாடிவிடும். மணலில் சிறுசிறு வளைகள். அவற்றின் மேல் ஒரு பூச்சி அசையாமல் அந்தரத்தில் நின்றது. பஞ்சு உருண்டை மாதிரி முடி, முன்னால் நீட்டிய ஊசி போன்ற வாய்.

"அக்கா, இன்னொரு குயில் தேனீ!"

இல்லை. இது ஈ. இரண்டே இறக்கைதான், தேனீக்கு நான்கு. தலையில் பாதி கண்ணாக இருக்கும், உணர்கொம்பு ஒட்டவெட்டின மாதிரிக் குட்டை. தேனீ வேஷம் போட்ட இந்த ஈயும் அதே தொழிலைச் செய்வதுதான் வேடிக்கை. முதலில் பின்முனையை மணலில் அழுத்தி ஆட்டியது. சில ஈக்களின் வயிற்று நுனியில் இதற்கென்றே ஒரு பை உண்டு, அதில் மணலை நிரப்பி, முட்டையின்மேல் பூசிக்கொள்ளும். அப்புறம் வளைக்கு மேலே நின்றபடி வயிற்றைச் சுண்டிச் சுண்டி முட்டையை உள்ளே எறியும். குயில் தேனீக்காவது வீட்டுக்குள் நுழையும் துணிச்சல் இருக்கிறது. இது தெருவில் நின்று கல்லெறிகிற ரகம். கறுப்பாகத் துவாரம் எங்கே தெரிந்தாலும் அதற்கு வளைதான். தம்பி கழற்றி வைத்திருந்த செருப்பின் வார் ஓட்டைக்கு மேலேயும் வந்து ஒரு தடவை நின்று பார்த்தது. அவன் அதற்கப்புறம் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

இங்கே ஒரு நஷ்டம். குப்புறப் படுத்துப் படமெடுத்ததில் லென்ஸ் வளையத்துக்குள் மணல் புகுந்துவிட்டது. திருப்பினால் "கறக் கறக்" என்கிறது. மீதி நாளெல்லாம் ஒரே தூரத்தில் வைத்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, என் புத்திதான்.

திரும்பும் வழியில் தங்கச்சிமடம். மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர். பந்தலும் பாத்தியுமாக இருந்த ஒரு தோட்டத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்க நின்றோம். அங்கிருந்த அக்கா வேலியோர ரோஜாச் செடியைக் காட்டி, "பாருங்க, எதுவோ காசளவு வட்டமா வெட்டிட்டுப் போயிருது. மருந்தடிச்சும் கேக்கல" என்றார். இலை விளிம்பில் அச்சு வைத்து எடுத்தது போல அரைவட்ட வெட்டுகள். நேற்று முன்தினம் நான் அவமானப்படுத்திய அதே இலைவெட்டித் தேனீதான்! தின்பதற்காக வெட்டுவதில்லை, சுருட்டி அறை கட்டுவதற்காக. பந்தலின் மூங்கில் கால்களில் ஒன்று முனை திறந்திருந்தது. பச்சைத்துண்டைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி அதற்குள் போவதைக் காட்டினேன். "அடப்பாவி, எங்க மூங்கில்லயா?" என்றார்.

அந்த மூங்கில் பக்கத்தில் கட்டியிருந்த கயிற்றில் இன்னொன்று காத்திருந்தது. சீலியோக்சிஸ். இலைவெட்டியைக் குறிவைக்கும் குயில் தேனீ. இதற்குப் புள்ளி கிள்ளி எதுவும் கிடையாது. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகள், தூரத்திலிருந்து பார்த்தால் இலைவெட்டி என்றே நினைப்போம். ஆனால் வயிறு உருண்டையாக முடியாமல், சீவின பென்சில் மாதிரிக் கூர்ந்துகொண்டே போய் முள்போல முடிகிறது. மூடின இலைச்சுருளைக் குத்தி முட்டையை உள்ளே செருக இந்த முனை உதவும். இது பெட்டைக்கு மட்டும்தான். ஆணின் வயிற்று முனையில் குத்தூசிக்குப் பதிலாகச் சிறு முட்கள் கொத்தாக இருக்கும். இன்னொன்று, மிகக் கிட்டத்தில் போனால்தான் தெரியும், கண்ணின் மேலேயே முடி முளைத்திருக்கும். முதலில் தூசி என்று நினைத்து லென்ஸைத் துடைத்தேன்!

முதல் நாள் செய்த தவறைச் சொன்னேன் அல்லவா, அதில் இன்னொரு பாதியும் உண்டு. கால், வயிறு இரண்டிலுமே மகரந்த முடி இல்லாவிட்டாலும் குயில் என்று முடிவு கட்டக்கூடாது. எந்தத் தேனீ ஆனாலும் ஆணுக்கு அது கிடையாது, அவன் வேலை செய்கிறவன் இல்லை. உணர்கொம்பின் கணுக்களை எண்ண முடிந்தால் எண்ண வேண்டும். ஆணுக்குப் பதின்மூன்று, பெட்டைக்குப் பன்னிரண்டு. பெட்டையாக இருந்து, எங்கேயும் மகரந்தம் தாங்க முடி இல்லாமல், கூட்டைச் சுற்றியும் திரிந்தால் அப்புறம் சந்தேகப்படலாம்.

அந்த அக்கா மருந்தடிப்பதை நிறுத்துவாரா தெரியாது. ஆனால் நாங்கள் கிளம்பும்போது மூங்கிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள், ஞாயிறு

காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகுப் பயணம், வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். நாரைகள், கொக்குகள், நண்டுகள். தேனீ ஒன்றுகூட இல்லை. அலையாத்தி பூக்கிற பருவம் இது இல்லை, அவ்வளவுதான்.

டீக்கடைதான் நாளைக் காப்பாற்றியது. கூரையின் உள்பக்கம் குளவிக்கூடு, உள்ளங்கை அளவு மண் அப்பின மாதிரி. கடைக்காரர் அதைக் கலைக்க விடமாட்டாராம், மருமகள் உண்டாகியிருக்கிறாள். நம் வீடுகளில் எல்லாம் இருக்கிற நம்பிக்கைதான். அந்தக் கூட்டில் பச்சைக்கல் மூக்குத்தி மாதிரி ஒரு பூச்சி மினுங்கியது. உடம்பு முழுக்க உலோகப் பச்சை, வெயில் படும்போது நீலம். இது குயில் குளவி. தேனீ கிடையாது. தேனீக்குத் தேனீ குயிலாக இருக்கிற மாதிரி, குளவிக்கு இது. தைரியஸின் நீலத்தையும் இதன் பளபளப்பையும் சிலர் குழப்பிக்கொள்வார்கள், குழப்பவே தேவையில்லை. தைரியஸின் நீலம் முடியின் நிறம், புள்ளியாகத்தான் இருக்கும். இதற்கு ஓடே மின்னும். வீட்டுக்காரியிடம் மாட்டிக்கொண்டால் உள்குழிந்த வயிற்றை மடக்கி மரவட்டை போல உருண்டுகொள்ளும்.

குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். குளவி கொண்டுபோய் வைத்த புழு ஒன்று, கூட்டிலிருந்து வெளியே வந்தது வேறொன்று என்பதைக் கவனித்திருக்கிறார்கள், நடுவில் முட்டை இருந்தது மட்டும் கண்ணில் படவில்லை. இந்தப் பச்சைப்பூச்சி வெளியே வருவதையும் அவர்கள் பார்த்திருந்தால் அதற்கு என்ன கதை கட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இரண்டாவது டீ குடித்தேன்.

இரவு தைரியஸ் படங்களை வைத்து இனம் வரைக்கும் போக முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. ராணுவத்திலும் பிறகு பர்மா வனத்துறையிலும் இருந்த பிங்காம் 1897-இல் இந்தியத் தேனீ, குளவிகளைத் தொகுத்தபோது இந்தக் கூட்டத்தைக் கிரோசிசா என்ற பழைய பெயரில்தான் வைத்திருந்தார். ஆசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்குமான தைரியஸ்களை 1962-இல் லீஃப்டிங்க் என்ற டச்சுக்காரர் திருத்தி எழுதினார். தும்பிகளில் பேர்போன மனிதர். புள்ளிகளின் இடம், அந்தக் கேடயத் தகட்டின் வெட்டு வடிவம், கால் முட்கள் என்று பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டிய வேலை. படத்தில் 'தைரியஸ்' வரைக்கும்தான் எழுதுவேன். படம் பார்த்ததுமே இனத்தின் முழுப் பெயரையும் அடித்துச் சொல்கிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஐந்தாம் நாள், திங்கள்

கொத்தனார் ஏழரைக்கே வந்துவிட்டார், கையாளோடு. வடக்குச் சுவரில் ஆரம்பம். வறட்டியெல்லாம் பெயர்த்து, தண்ணீர் தெளித்து, கலவை அடிக்க ஆரம்பித்தார்கள். நான் கிழக்குப் பக்கம் முக்காலியோடு உட்கார்ந்திருந்தேன், மறியல் பண்ணுகிற மாதிரி. சத்தத்திலும் தூசியிலும் அமெகில்லாக்கள் வழக்கம்போல வந்து போயின. பத்தரைக்குக் குயில்காரி வந்தாள். வெள்ளிக்கிழமை பார்த்தவள்தானா என்று சொல்ல முடியாது. ஆறாவது ஓட்டைக்கு முன்னால் நின்றாள், தூசி பறந்ததும் போய்விட்டாள்.

கொத்தனார் மத்தியானம் இந்தப் பக்கம் வந்து, "இதுல என்னம்மா இருக்கு?" என்றார். காட்டினேன். "நாங்க சின்னப் புள்ளையில இத நூல்ல கட்டிப் பறக்க விடுவோம்" என்றார். "இப்ப எங்க, எல்லா ஊருலயும் சிமெண்டுதான். நாந்தான் பூசினேன்."

மேற்குச் சுவர் முடிய மணி மூன்று. தெற்குப் பக்கம் பாதி நடக்கும்போது கையாள் போய் மூன்றாவது மூட்டையைப் பிரித்தான். பிரித்தவன் அப்படியே நின்றான். சித்தப்பா போனார், கொத்தனார் போனார், நானும் போனேன். மூட்டை முழுக்கக் கல். தை மாசத்து உப்புக்காற்றில் திண்ணையிலேயே கிடந்து, இறுகி, சம்மட்டி போட்டால்தான் உடையும் என்கிற மாதிரி இருந்தது. சித்தப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்கிற மாதிரி. சத்தியமாக இல்லை.

"கெழக்க மாசி கழிச்சுப் பாத்துக்கிருவம்" என்றார் கொத்தனார், கரணையைக் கழுவிக்கொண்டே. அவருக்கு நாளைக்குக் கீழக்கரையில் வேறு வேலை இருக்கிறதாம்.

சாயங்காலம் ஆறேகால். தொழுவத்துக்குப் பின்னால் காய்ந்த கொழிஞ்சிக் குச்சிகள். இதைத் தெரிந்துகொண்டால் குயில் தேனீ படமெடுப்பது பாதி சுலபம்: இவை இரவில் குச்சியைத் தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு தூங்கும், கால்களை மடக்கி, உடம்பைக் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டு. அமெகில்லா ஆண்களும் அப்படித்தான், ஒரே குச்சியில் வரிசையாக. வீட்டுக்காரிகள் சுவருக்குள், இவன்கள் வெளியே. டார்ச்சைக் கையால் பாதி மறைத்துக்கொண்டு தம்பி எண்ணினான். ஒரு குச்சியில் பதினொன்று, நீலப்பட்டை எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. இரண்டடி தள்ளி வேறு குச்சியில் தனியாக ஒன்று, புள்ளி போட்டது. காற்றில் குச்சி ஆடுகிறது, அதுவும் சேர்ந்து ஆடுகிறது, பிடி விடவில்லை. லென்ஸ் திருகவே இல்லை. நானே முன்னும் பின்னும் ஆடிப் படமெடுத்தேன்.

"இது பொண்ணா ஆணாக்கா?" என்றான் தம்பி.

உணர்கொம்பு முகத்தோடு மடிந்திருந்தது. எண்ண ஆரம்பித்தேன். ஏழு வரைக்கும் வந்தபோது, "ஆத்தா, கஞ்சி ஆறுது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மறுபடி ஒன்றிலிருந்து.